தனுஷ்கோடி புயலை நிஜமா காட்ட எது பெட்டர்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸா, பிளெண்டரா, ஃப்யூஷனா?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் வீடியோ பண்ற தம்பிங்க நெறைய பேருக்கு 1964 டிசம்பர் 22 ராத்திரிய திரையில கொண்டு வரணும்னு ஆசை இருக்கு. அப்படியே ஆளாளுக்கு ஒரு சாஃப்ட்வேர் பேரையும் சொல்றாங்க. அதனால ஒரே ஒரு ஷாட்ட வச்சு மூணையும் பாத்துருவோம். இடிஞ்ச சர்ச் சுவரு, அதுக்குப் பின்னாடி கடலு, மேல கருமேகம், சாஞ்சு அடிக்கிற மழை, சுவர்ல வந்து மோதுற ஒரு பெரிய அலை.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993லயே வந்தது, தமிழ்லயே எக்கச்சக்க டுடோரியல் கெடக்கு. சிசி ரெயின்ஃபால்ங்கற ரெடிமேட் மழை எஃபெக்ட்ட போட்டா அஞ்சு நிமிஷத்துல மழை பெய்யும். ஆனா அந்த மழைக்கு சர்ச் சுவரு எங்க நிக்குதுன்னு தெரியாது, அதனால சுவர ரோட்டோ பண்ணி (ஃப்ரேம் ஃப்ரேமா ஓரத்த வரைஞ்சு) பிரிச்சு, பின்னாடி விழுறத மெல்லிசா மங்கலா ஒரு லேயர், முன்னாடி விழுறத பெருசா வேகமா இன்னொரு லேயர்னு நாமதான் வைக்கணும், அப்பத்தான் கண்ணு நம்பும். தண்ணி விஷயத்துல இது தேறாது. ரெடிமேட் அலை கிளிப்ப எடுத்து ஸ்கிரீன் மோடுல போட்டா வெளிச்சம் மட்டும்தான் மேல ஏறும், கலங்கின கருந்தண்ணி காணாமப் போயி வெள்ளை நுரை மட்டும் ஆவி மாதிரி மெதக்கும். மாசாமாசம் சந்தா வேற.

தண்ணின்னா பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. 2002லேர்ந்து ஓப்பன் சோர்ஸ், பைசா செலவில்ல. கடல் பரப்ப உருவாக்குற ஓஷன் மாடிஃபையர்ல காத்து வேகம், அலையோட கூர்மை, நுரை, கடல் ஆழம் எல்லாம் தனித்தனியா இருக்கு. இந்த ஆழத்த யாரும் தொடுறதே இல்லங்கறது என் வருத்தம். டீஃபால்ட்டா 200 மீட்டர் இருக்கும், நம்ம பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ளதான், கொறச்சுப் பாருங்க, அலையோட நடையே மாறும். ஆனா ஓஷன் மாடிஃபையர் அலை சுவர்ல மோதி உடையாது, ஊடுருவிப் போயிரும். மோதித் தெறிக்கணும்னா பிளெண்டர் 2.82 வெர்ஷன்ல வந்த மான்டாஃப்ளோங்கற தண்ணி சிமுலேஷனுக்குத்தான் போகணும், அது பேக் ஆக (தண்ணியோட அசைவ கணக்குப் போட்டு சேவ் பண்ண) மணிக்கணக்கா ஓடும், சாதாரண லேப்டாப் தெணறும். ரெஸ்யூமபிள்னு ஒரு டிக் இருக்கு, பேக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு வைங்க, அது இல்லாம பாதியில நிறுத்துனா விட்ட எடத்துலேர்ந்து தொடர முடியாது.

செஞ்ச அலைய ஃபுட்டேஜோட ஒட்டுற வேலைக்கு நான் ஃப்யூஷனத்தான் சொல்வேன். 2018ல டாவின்சி ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேரோட 15வது வெர்ஷன் கூடவே வந்திருச்சு, ஃப்ரீ வெர்ஷன்லயே 4கே வரைக்கும் எடுக்கலாம். ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டியா இருந்து, கோடு இழுத்து இணைக்கிற நோட் முறைங்கறதால சர்ச் சுவருக்கு ஒரு தடவ மாஸ்க் போட்டா மழை, மேகம், அலை மூணுக்கும் அதுலேர்ந்தே கோடு இழுத்துக்கலாம். தனுஷ்கோடியில உப்புக்காத்து எப்பவும் ஒரு புகை மாதிரி நிக்கும், தூரத்துல இருக்குற எதுவுமே சுத்தக் கருப்பா தெரியாது, சாம்பல் நீலமாத்தான் இருக்கும். பிளெண்டர்லேர்ந்து வர்ற அலையில கருப்பு கருகருன்னு இருக்கும், ஒட்டவே ஒட்டாது. அந்தக் கருப்ப சர்ச் நெழலோட கருப்புக்குத் தூக்கி, லேசா பிளர் குடுத்து, கேமரா கிரெய்ன்ன (பொடிப் பொடி புள்ளிய) மேல தூவுனா அலை எடத்துல உக்காரும். மொதல் தடவ நோட் பாக்கும்போது தலை சுத்தும்தான், பழகிரும்.

எந்த சாஃப்ட்வேரும் காப்பாத்தாத ஒண்ணு காத்து. வாடைக்காத்துல எடுத்த ஃபுட்டேஜ்னா பனை ஓலை ஒரு பக்கம் சாயும், மேற்குப் பக்கத்துக் கச்சான் காத்துல எடுத்திருந்தா வேற பக்கம். மழை, மேகம், நுரை எல்லாமே அந்த ஓலை சாயுற பக்கமே போகணும்.

என் முடிவு: தண்ணிக்கு பிளெண்டர், ஒட்டுறதுக்கு ஃப்யூஷன். பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடி வரைக்கும் அந்தக் காலத்து ரயில் பாதைய மேப்ல ஓட விடுறது, டைட்டில் எழுத்து, இதுக்கெல்லாம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ அடிச்சுக்க ஆளில்ல, ஏற்கனவே சந்தா கட்டுறவங்க அதுக்கு வச்சுக்கோங்க. பிளெண்டர்லேர்ந்து எடுக்கும்போது மட்டும் ஈஎக்ஸ்ஆர் சீக்வென்ஸா (ஃப்ரேமுக்கு ஒரு படமா) எடுங்க, எம்பி4ல எடுத்தா ஆல்ஃபா (எந்த எடம் காலியா தெரியணும்ங்கற தகவல்) வராது, அலையச் சுத்தி கருப்புக் கட்டம்தான் வந்து நிக்கும்.