கொள்ளுத்தாத்தாவைத் தேட எது தோது: பிறப்பு இறப்புப் பதிவேடா, பழைய பத்திரமா?

என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருந்தவை அவர் பெயரும், "கடன்ல நிலத்தை விட்டுட்டாரு" என்ற ஒரு பேச்சும்தான். கைநாட்டு வைத்த விவசாயி. போன வருஷம் அவரைத் தேடக் கிளம்பினேன். பெரியவர்களிடம் கேட்பது எப்படியும் முதல் வேலை. அதற்கு அப்புறம் இருப்பது இரண்டு வழி: பிறப்பு இறப்புப் பதிவேடு, அல்லது சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பத்திரங்கள். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், காணி நிலமாவது இருந்த குடும்பம் என்றால் பத்திரத்தில் தொடங்குங்கள்.

பதிவேட்டில் தேதி கிடைக்கும். இறப்பு என்றால் வயதும் காரணமும் கிடைக்கும். ஆனால் வருஷம் ஓரளவாவது தெரிய வேண்டும். பிறப்பைச் சொல்லும்போது குழந்தைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். "ஆண் குழந்தை", அப்பா பெயர், ஊர் என்பதோடு பல பதிவுகள் நின்றுவிடும். எனக்குக் கிடைத்த ஒரு பதிவு என் தாத்தாவுடையதா, அவர் தம்பியுடையதா என்று இன்னும் தெரியவில்லை.

என்னைப் பத்திரத்தின் பக்கம் தள்ளியது பெயர்ச் சிக்கல்தான். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். பேரன் என்ற சொல்லே அதில் வந்ததுதான். எங்கள் ஊரில் ஒரே பெயரும் ஒரே அப்பா பெயரும் கொண்ட பங்காளிகள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். பெயரை வைத்துத் தேடினால் வேறு யாருடைய வாழ்க்கையிலோ போய் நிற்போம். சர்வே எண்ணை வைத்துத் தேடினால் அந்தக் குழப்பம் வராது. நிலம் அதே இடத்தில்தான் கிடக்கிறது. 1979 முதல் 1987 வரை நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்தில் எண்ணோ உட்பிரிவோ மாறியிருந்தாலும், கிராம நிலங்களின் பட்டியலான 'அ' பதிவேட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நிலத்தின் மேல் என்னென்ன பத்திரங்கள் பதிவாயின என்று காட்டுவது வில்லங்கச் சான்று. 1975க்குப் பிந்தைய வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு, தேடும் வருஷக் கணக்குக்குக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நிலப் பத்திரங்கள் பதிவாகும் 1 புத்தகத்திலிருந்து யாரும் நகல் கேட்கலாம், உயில் அப்படியல்ல.

கிடைத்தது 1931ஆம் வருஷத்து அடமானப் பத்திரம். தொடக்கத்திலேயே அப்பா பெயர், ஊர், ஜாதி, தொழில். அப்புறம் பணம் எதற்கு என்ற விவரம்: கிஸ்தி (நிலவரி) கட்ட, மாடு வாங்கின கடனைத் தீர்க்க, தங்கை கலியாணத்துக்கு. கூட்டுக்குடும்பச் சொத்தின் மேல் வாங்கிய கடன் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று பிள்ளைகள் பின்னாளில் வழக்குப் போடலாம். அதனால் கடன் கொடுப்பவர் குடும்பத் தேவையை எழுத வைத்துவிடுவார். பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் வாசகமும் இதில் கலந்திருக்கும், அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் நெல் விலை சரிந்து கிடந்த காலம் அது. கிஸ்திக்குத் திண்டாடியிருப்பார் என்பதை என்னால் நம்ப முடிகிறது. நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் வடக்கே அவர் தம்பியின் நிலம் இருந்தது. பாகம் அதற்குள் பிரிந்துவிட்டது என்று அதில்தான் தெரிந்தது.

அடுத்தது 1940ஆம் வருஷக் கிரயப் பத்திரம். கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று இருந்தது. எழுதிக் கொடுத்தவர் அவர் மனைவி, மைனர் பிள்ளைகளுக்குத் தாயும் கார்டியனுமாக. நிலத்தை விட்டது கொள்ளுத்தாத்தா இல்லை. அவர் போன பிறகு அந்த அடமானத்தைத் தீர்க்கக் கொள்ளுப்பாட்டி விற்றிருக்கிறார். எண்பது வருஷமாக வீட்டில் அவர் மேல் இருந்த பழி அந்தப் பக்கத்தைப் படித்ததும் போயிற்று. 1931க்கும் 1940க்கும் இடையில்தான் இறந்தார் என்று தெரிந்ததால் இறப்புப் பதிவேட்டையும் அந்த வருஷங்களுக்கு மட்டும் புரட்டினேன். 1936, காய்ச்சல், வயது 38.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த வழி கைகொடுக்காது. அங்கே இறப்புப் பதிவேடும், கிறிஸ்தவர்கள் என்றால் கோயிலின் ஞானஸ்நான, கலியாணப் பதிவேடுகளும்தான் துணை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் அப்பா பெயர், கிராமம், தாலுகா, உடல் அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் தேடிப் பார்த்ததில்லை, அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.