குத்துமதிப்பா, முழு ஆய்வா? பனியன் கம்பெனிக்கு எது போதும்

ஐரோப்பிய பையர்கள் இப்போதெல்லாம் விலை, டெலிவரி தேதியோடு இன்னொன்றும் கேட்கிறார்கள்: இந்த டி-ஷர்ட்டால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு, அதில் எதைக் குறைக்கப் போகிறீர்கள்? திருப்பூரில் இருக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு இதற்கு மூன்று வழி உண்டு. ஆலோசகரை வைத்து ஐஎஸ்ஓ 14040, 14044 முறைப்படி, பருத்தி விளைவதிலிருந்து துணி குப்பைக்குப் போவது வரை கணக்கெடுக்கும் முழு ஆயுள்சுழற்சி ஆய்வு செய்யலாம். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் மதிப்பெண் கருவியில் துணி வகையைக் கொடுத்து ஒரு எண்ணை எடுக்கலாம். இல்லையென்றால் எக்செல்லைத் திறந்து நாமே குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் எடுத்தது மூன்றாவது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

ரெடிமேட் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகமானது, ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சராசரி எண்கள்தான். உங்கள் மில் காற்றாலையில் ஓடுகிறதா, உங்கள் சாயப்பட்டறை தண்ணீரைத் திரும்ப எடுக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட கருவியான ஹிக் இண்டெக்ஸின் எண்களை வைத்துத் துணிக்கு விளம்பரம் செய்வது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் என்று நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2022இல் சொன்னதும், அந்த எண்களை வாங்குபவருக்குக் காட்டும் திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டது. உள் உபயோகத்துக்குச் சரி, அவ்வளவுதான்.

குத்துமதிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 200 கிராம் காட்டன் டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டிங் வேஸ்ட் சேர்த்து 250 கிராம் நூல் வேண்டும். ஒரு கிலோ நூல் நூற்க, கவுண்ட்டைப் (நூல் எவ்வளவு மெலிது என்பதை) பொறுத்து 3 முதல் 4 யூனிட் கரண்ட். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக நூற்பில் மட்டும் ஒரு டி-ஷர்ட்டுக்கு அரை கிலோவுக்கு மேல் போகிறது. அதைப் போடும் பாலிபேக் எட்டு கிராம் என்றால், அதன் தயாரிப்பில் இருபது கிராம்கூட வராது. தூத்துக்குடியிலிருந்து சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலில் 12,000, 13,000 கிலோமீட்டர். டன்-கிலோமீட்டருக்கு, அதாவது ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, 10 முதல் 20 கிராம் என்று வைத்தால் டி-ஷர்ட்டுக்கு 25 முதல் 50 கிராம். அதையே ஷிப்மென்ட் லேட்டாகி விமானத்தில் அனுப்பினால் ஒரு கிலோவைத் தாண்டும்.

இந்த எண் ஒவ்வொன்றிலும் ஐம்பது சதவீதம் வரை பிழை இருக்கட்டும், முடிவு மாறாது. பாலிபேக்கை மாற்றுவது பற்றி மீட்டிங் போடுவதைவிட, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு ஆர்டரை ஏர் ஃப்ரைட்டுக்குப் போகாமல் காப்பாற்றினால் அது பெரிய வேலை. சலித்தெடுக்கும் வேலைக்கு இவ்வளவு துல்லியம் போதும். நான் ஒவ்வொரு வரிக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் போடுகிறேன். இரண்டு வரிகளின் வீச்சும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாவிட்டால் எது பெரியது என்பது முடிந்துபோன விஷயம்.

எங்களை இந்தப் பக்கம் தள்ளியது செலவு அல்ல, பராமரிப்பு. முழு ஆய்வு ஒரு குறிப்பிட்ட காலத்து டேட்டாவை எடுத்து, ஒரு பிடிஎஃப்பாகக் கைக்கு வரும். ஆனால் பனியன் தொழிலில் எது அப்படியே நிற்கிறது? இந்த மாதம் நூல் ஒரு மில்லில், அடுத்த ஆர்டருக்கு வேறு மில்லில். மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசனில் காற்றாலை வைத்திருக்கும் மில்லின் கணக்கு ஒன்று, சீசன் முடிந்ததும் வேறு. டையிங் ஜாப் ஒர்க்குக்குப் போகிறது, பட்டறை மாறினால் மெஷினும் பாய்லரும் மாறும். முழு ஆய்வின் கணக்கு ஆலோசகரின் சாஃப்ட்வேரில், அவர் லைசன்ஸ் வாங்கிய டேட்டாபேஸோடு கட்டுப்பட்டிருக்கிறது. ஒரு எண்ணை மாற்ற அவரிடம்தான் போக வேண்டும், அதற்குத் தனி கொட்டேஷன். வருடச் சராசரி இந்த ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்துவிடும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் 'இந்த ஆர்டருக்கு நூலை எங்கே வாங்கலாம்' என்ற கேள்விக்கு வருடச் சராசரியில் பதில் இல்லை.

எக்செல் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்தால் போதும். ஈபி பில், லோட் சீட்டு, மில் சொன்னது, என் ஊகம். நாளை நான் வேலையை விட்டாலும் அடுத்து வருபவர் ஊகம் என்று எழுதிய கட்டங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆயுள்சுழற்சி ஆய்வுக்கு ஓபன்எல்சிஏ போன்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறதே என்று கேட்கலாம். சாஃப்ட்வேர் இலவசம், நல்ல டேட்டாபேஸ்கள் பலவற்றுக்குக் காசு. அப்புறம் அதைத் தெரிந்த ஆள் வேண்டும்.

குறைகளும் உண்டு. கார்பன் கணக்கு மட்டும் போட்டால் திருப்பூரின் உண்மையான பிரச்சினை கண்ணிலேயே படாது. நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தது சாயக்கழிவில் இருந்த உப்பு. டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர்: கிலோவுக்கு அரை கிலோ உப்பு, ஒரு டன் துணிக்கு அரை டன். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரு பெருக்கல் போதும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும், அதற்குப் பின் கழிவுநீரை வெளியே விடாத பூஜ்ஜியக் கழிவுநீர் முறை கட்டாயமாக இறுகியதும் ஊரறிந்த கதை. அதனால் உப்புக்கும் தண்ணீருக்கும் தாளில் தனித்தனி நெடுவரிசை போடுங்கள், கார்பனோடு கூட்டாதீர்கள்.

கெமிக்கல் நச்சுத்தன்மையைக் குத்துமதிப்பால் பிடிக்க முடியாது. அங்கே கணக்கே போடாமல், துணி பிராண்டுகள் சேர்ந்து நடத்தும் இசட்டிஹெச்சி (ZDHC) அமைப்பின் தடை செய்யப்பட்ட பொருள் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது மேல். விறகு பாய்லருக்கு என்ன எண் போடுவது என்பதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. மறுபடி நட்டு வளர்த்த மரம் என்றால் ஒரு எண், இல்லையென்றால் வேறு. இப்போதைக்கு இரண்டு வரியாகப் போட்டு வைத்திருக்கிறேன். சாதாரணப் பருத்தியா ஆர்கானிக்கா என்பது போன்ற கேள்விகளில் வித்தியாசம் இரண்டு மடங்குக்குள் சுருங்கிவிட்டால், என் தாள் எதையும் தீர்க்காது.

முழு ஆய்வின் பக்கத்தில் என் அனுபவம், பையர் தரப்பு செய்த ஒன்றுக்கு டேட்டா கொடுத்தது மட்டுமே. அதனால் அதன் உள்வேலையைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் 'மற்ற டி-ஷர்ட்டைவிட இது நல்லது' என்று பையர் ஹேங்டேக்கில் (துணியில் தொங்கும் அட்டையில்) அச்சிடப்போகிறார் என்றால் வேறு வழியில்லை. பொதுவில் அப்படி ஒப்பிட்டுச் சொல்ல 14044 வெளி நிபுணர் குழுவின் சரிபார்ப்பைக் கேட்கிறது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை ஆர்டர் பேசும்போதே பேசிவிடுங்கள். அப்போதும் ஆலோசகரிடம் முதலில் இந்த எக்செல் தாளைக் கொடுங்கள். எந்த மூன்று நான்கு எண்களை நேரில் அளக்க வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.