கூலாயிலிருந்து கிளம்பும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குச் சிங்கப்பூரா, ஆஸ்திரேலியாவா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கூலாய், லாயாங்-லாயாங் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பழம் தின்று கொட்டை போட்ட ஆசிரியர்கள் வெளிநாட்டு வேலை பற்றிப் பேசினால் இந்த இரண்டு பெயர்தான் அடிபடும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். கற்ற வித்தையில் எது அங்கே செல்லும் என்ற கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பதில்லை.

சிங்கப்பூரில் தமிழ் செல்லும், மற்றவை செல்லாது. இங்கே கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் நடத்தியவர், அங்கே தாய்மொழிப் பாடம் ஒன்றுக்கு மட்டுமே ஆசிரியர். வகுப்பில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். அதனால் திருத்தமான பேச்சுத் தமிழையே வகுப்பு மொழியாகக் கொள்வது அங்குள்ள நடைமுறை. 'நூலைத் திறவுங்கள்' என்று மேடைத் தமிழில் தொடங்கினால் முதல் வாரமே வகுப்பு கைநழுவும். வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மனப்பாடக் கட்டுரைப் பயிற்சி அதற்கு உதவாது.

நாக்கு பிசகும் இடம் ஒன்றுண்டு. நம் வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை 6 உச்சம். அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 90-உம் அதற்கு மேலும் எடுத்தால் நிலை 1, 20-க்குக் கீழே போனால் நிலை 8. பெற்றோர் சந்திப்பில் 'ஐந்துக்கு ஏறியிருக்கிறான்' என்று பழக்கதோஷத்தில் பாராட்டினால் அம்மாவின் முகம் கறுத்துவிடும்.

வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது காகிதக் கணக்கு. சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஆனால் பள்ளி 7.30-க்கே தொடங்கக்கூடும், எல்லைப் பாலத்து நெரிசலை நம்ப முடியாது, விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்ப வேண்டிவரும். பிற்பகல் புறப்பாட நடவடிக்கை இருந்தால் திரும்பும்போதும் அதே கதை. வார நாள்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்குவது உடம்புக்கு நல்லது.

ஆஸ்திரேலியாவில் நிலைமை நேர்மாறு. தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியர் ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று பெரும்பாலான பாடங்களையும் தானே நடத்துவார். நம் கணித அனுபவம் அப்படியே கைகொடுக்கும். தமிழுக்குப் பெரும்பாலும் வார இறுதிச் சமூகப் பள்ளிதான். பாடநூலைப் பக்கம் பக்கமாக நடத்தும் வழக்கம் குறைவு. ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று தரத்தில் பயிற்சி தயாரிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் தற்காலிக மாற்றாசிரியராகத்தான் தொடங்குகிறார்கள். காலையில் அழைப்பு வரும், முன்பின் தெரியாத வகுப்புக்குள் நுழைய வேண்டும். வழக்கமான ஆசிரியர் எந்தப் பாடமும் வைத்துவிட்டுப் போகாத வகுப்புக்காக, வயதுக்கு ஒன்றாக ஒரு மணி நேரப் பாடம் பையில் தயாராக இருக்கட்டும்.

ஆனால் வாசல் குறுகல். குடியேற்றத்துக்கான தகுதி மதிப்பீட்டை 'ஏய்ட்சல்' என்ற கழகம் செய்கிறது. ஆசிரியர் பயிற்சி ஓராண்டு உட்பட நான்காண்டு உயர்கல்வி, மேற்பார்வையோடு 45 நாள் கற்பித்தல் பயிற்சி, ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கல்விப் பிரிவில் வாசிப்பு, எழுத்துக்கு 7, கேட்டல், பேச்சுக்கு 8 வேண்டும். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்களே பேச்சில் 7.5-இல் நின்றுவிடுவதுண்டு, நீட்டி விளக்காமல் இரண்டு வரியில் பதிலை முடித்துக்கொள்ளும் பழக்கம் காரணம். பயிற்சி நாள்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடும் கடிதத்தை நீங்கள் படித்த ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் முதலிலேயே கேளுங்கள். பழைய பதிவேட்டைத் தேடியெடுக்க நாளாகும். எந்த மாநிலத்தில் வேலையோ அங்கே ஆசிரியர் பதிவும் தனியாகச் செய்ய வேண்டும்.

வயது இன்னொரு தடை. புள்ளி அடிப்படையிலான திறன் விசாவுக்கு அழைப்பு வரும்போது 45 நிறைந்திருக்கக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர் தேர்வு எழுதி, மதிப்பீடு முடித்து, அழைப்புக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எங்கள் கருத்தில், நாற்பதுக்குள் இருந்து ஆங்கிலம் கைவசமுள்ளவர் ஆஸ்திரேலியாவுக்கு முயலலாம். 45-ஐ நெருங்கியவருக்கும் தமிழ்ப் பாடமே உயிராக இருப்பவருக்கும் சிங்கப்பூர்தான்.

எங்கே போனாலும், அரசு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் பணிவிலகல் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். பணிவிலகினால் ஓய்வூதிய உரிமை போய்விடும்; விருப்ப ஓய்வு என்பது வேறு. தமக்கு எது பொருந்தும் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்து வடிவில் பதில் வாங்கிக்கொண்டு அடுத்த அடி வைக்கலாம்.