நோவிட்ஸ்கி இருந்தார், கார்னெட் கிளம்பினார்

இருவரும் கூடைப்பந்தில் பவர் ஃபார்வர்டு, அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்கள். இருவரும் அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 21 சீசன் ஆடியவர்கள். ஆளுக்கு ஒரு எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) விருது, ஆளுக்கு ஒரே ஒரு சாம்பியன் பட்டம். டிர்க் நோவிட்ஸ்கி அத்தனை சீசனையும் டல்லாஸிலேயே கழித்தார். கெவின் கார்னெட் 12 சீசன் மினசோட்டாவுக்கு உழைத்துவிட்டு 2007இல் பாஸ்டனுக்குப் போனார். விசுவாசம் என்று பேச்சு வந்தால் நோவிட்ஸ்கி பக்கம்தான் கை தட்டுவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

நோவிட்ஸ்கி பட்ட அடி கொஞ்சமில்லை. 2006 இறுதித் தொடரில் மயாமியை 2-0 என்று முந்திவிட்டு, அடுத்த நான்கு ஆட்டங்களையும் டல்லாஸ் கோட்டைவிட்டது. மறு வருஷம் 67 வெற்றி. ஆனால் சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் ப்ளே-ஆஃபில், முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட்டிடம் தோல்வி. எம்விபி கோப்பையை அதற்கப்புறம் வாங்க வேண்டியிருந்தது, பாவம். இன்னொருவராக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பார்.

2011 இறுதித் தொடரில் மறுபடி மயாமி. இந்த முறை லெப்ரான், வேட், பாஷ் என்ற மூன்று பெரிய நட்சத்திரங்களும் அந்த ஒரே அணியில். முதல் ஆட்டத்திலேயே நோவிட்ஸ்கியின் இடது நடுவிரலில் தசைநார் கிழிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்த டல்லாஸ் எழுந்து வந்தது. கடைசி நொடிகளில் கட்டுப் போட்ட அதே இடது கையால் லே-அப் (கூடைக்கு அருகே போய்ப் பந்தைப் போடுவது) போட்டு ஜெயிக்க வைத்தார். நான்காவது ஆட்டத்தைக் காய்ச்சலோடு ஆடினார். ஆறாவதில் பட்டம் கிடைத்ததும் கொண்டாட்டத்துக்குக்கூட நிற்காமல் மேசையைத் தாண்டி உள்ளே போய்விட்டார், தனியாக அழ.

சரி, கார்னெட்டுக்குப் பொறுமை இல்லையா? 1997 முதல் 2003 வரை ஏழு வருஷம் தொடர்ந்து முதல் சுற்றிலேயே வெளியேறிய அணியில் இருந்தவர் அவர். 2002இல் அவரை 3-0 என்று அனுப்பிவைத்ததே டல்லாஸ்தான். ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டதாக மினசோட்டா 2000இல் மாட்டியது. அந்தத் தண்டனையில் மூன்று வருஷ முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள், அதாவது புது இளைஞர்களை அணிக்கு எடுக்கும் வாய்ப்புகள், போயின. புது ரத்தம் வரும் வழியே அடைபட்டது. கார்னெட்டின் 12.6 கோடி டாலர் ஒப்பந்தமும் மற்ற ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்க முடியாமல் அணியின் கையைக் கட்டியது, அதையும் சொல்லியாக வேண்டும்.

டல்லாஸிலோ அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் பணத்தை அள்ளி இறைத்தார். நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டீவ் நாஷைப் போக விட்டது தப்புக் கணக்கு. ஆனாலும் ஜேசன் கிட் வந்தார், டைசன் சாண்ட்லர் வந்தார். ஒரே அணியில் இருப்பது ஆட்டக்காரர் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை. அணி அவரைச் சுற்றி ஆள் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோவிட்ஸ்கியும் தன் பங்குக்கு விட்டுக்கொடுத்தார்: 2014இல் வேறு அணிகள் முழுச் சம்பளம் தர வந்தபோதும், மூன்று வருஷத்துக்கு 2.5 கோடி டாலருக்கு டல்லாஸிலேயே கையெழுத்துப் போட்டார்.

கார்னெட் போன முதல் சீசனிலேயே பாஸ்டன் 24 வெற்றியிலிருந்து 66க்கு ஏறியது. இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியான லேக்கர்ஸை 131-92 என்று நொறுக்கிப் பட்டம். என் கணக்கில் அவர் கிளம்பியது சரி, நேரம்தான் பிந்திவிட்டது. அவருக்கே அந்த வருத்தம் உண்டு. 2010இல் லெப்ரானின் கிளீவ்லாண்டை வீட்டுக்கு அனுப்பிய கையோடு, விசுவாசம் சில சமயம் ஆளைக் காயப்படுத்தும், போன இளமை திரும்பாது என்றார். அந்தக் கோடையில்தான் லெப்ரான் மயாமிக்குக் கிளம்பினார். அடுத்த ஜூனில் அங்கே அவரைத் தோற்கடித்தவர், எங்கேயும் போகாத நோவிட்ஸ்கி.