11 வருடம், 48 போல்ட்டு: நட்டு கழலாமல் இருக்க நான் போட்டுப் பார்த்தவை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் மில்லில் மெஷின் பராமரிப்பு என் பொறுப்பு. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூளைச் சலிக்க எங்களிடம் ஓர் ஆடும் சல்லடை இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 900 ஆட்டம். 8 மணி நேர ஷிஃப்டுக்குக் கணக்குப் போட்டால் 4 லட்சத்தைத் தாண்டும். அந்தச் சல்லடைச் சட்டத்தைப் பிடித்து நிற்பவை 48 போல்ட்டுகள், எல்லாமே 12 எம்எம். 11 வருடமாக இவற்றோடுதான் மல்லுக்கட்டு. நட்டு கழலாமல் இருக்கக் கடையில் கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இதில் போட்டுப் பார்த்துவிட்டேன். எது எத்தனை நாள் தாங்கியது என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன். இதே மாதிரி ஆடுகிற, அதிர்கிற மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அந்த நோட்டு உதவும் என்று நினைக்கிறேன்.

மெஷின் வந்தபோது எல்லா நட்டுக்கும் அடியில் ஸ்பிரிங் வாஷர், அதாவது ஓரிடத்தில் வெட்டி லேசாக முறுக்கிய எஃகு வளையம், இருந்தது. திங்கள்கிழமை காலையில் ஸ்பேனரோடு ஒரு சுற்று வருவோம். ஒவ்வொரு வாரமும் பத்துப் பன்னிரண்டு நட்டு தளர்ந்திருக்கும். ஒருநாள் ஷிஃப்டு நடுவிலேயே பக்கத் தகடு பிரிந்து, பேரிங் ஹவுசிங் விரிசல் விட்டது. அன்றைக்கு எங்கள் மூத்த ஃபிட்டர், கீழே கிடந்த வாஷரைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, ஸ்பிரிங் வாஷர் போட்டுத்தானே இருக்குது. அப்புறம் எப்படிக் கழண்டுச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான், 1969-லேயே அதற்குப் பதில் வந்துவிட்டது என்று புரிந்தது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், போல்ட்டு போட்ட தகடுகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும் ஒரு சோதனைக் கருவியை உருவாக்கினார். நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்குவதுதான் நட்டைக் கழற்றுகிறது என்று அதில் காட்டினார். மரை என்பது போல்ட்டைச் சுற்றி ஓடும் ஒரு சரிவு. உராய்வுதான் நட்டை அந்தச் சரிவில் நிறுத்தி வைத்திருக்கிறது. தகடு வழுக்கும் கணத்தில் அந்தப் பிடி விட்டுப்போகிறது, நட்டு இம்மியளவு இறங்குகிறது. 4 லட்சம் ஆட்டத்தில் இம்மி இம்மியாகச் சேர்ந்து போய்விடும். ஸ்பிரிங் வாஷரோ, போல்ட்டின் முழு இறுக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட வருவதற்கு முன்பே தட்டையாகிவிடும். அப்புறம் அது வெறும் வெட்டுப்பட்ட வளையம்தான். நான் அதை வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

அடுத்து செக் நட், அதாவது இரட்டை நட்டு. இதைச் சரியாகப் போட்டால் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நான் பார்த்த பல இடங்களில் மெல்லிய நட்டு மேலே இருக்கிறது. அது அடியில், தகட்டை ஒட்டி வரவேண்டும். முதலில் அதைப் பாதி இறுக்கத்துக்கு வைத்து, ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தடித்த நட்டை அதன்மேல் முழு இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில் பாரத்தைத் தாங்குவது மேல் நட்டு, அதனால்தான் அது தடிமனாக இருக்க வேண்டும். ஜப்பானில் இதையே மெருகேற்றி 1974-ல் ஹார்ட்லாக் நட் என்று கொண்டுவந்தார்கள். ஒரு நட்டின் கூம்பை மையம் சற்று விலக்கிக் கடைந்து, மற்ற நட்டு அதன்மேல் ஏறும்போது ஆப்பு அடித்த மாதிரி இறுகச் செய்தார்கள். கோடாரிக் காம்பில் ஆப்பு இறக்கத் தெரிந்த நமக்கு அது உடனே புரியும். அதை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

நைலாக் நட் எனக்கு மிகவும் பிடித்தது. தலைப்பகுதியில் ஒரு நைலான் வளையம், போல்ட்டின் மரை அதை நெரித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். 3 வருடம் 48 இடத்திலும் இதைத்தான் போட்டிருந்தேன், ஒரு நட்டுகூடக் கீழே விழவில்லை. ஆனால் சல்லடை கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. சோதித்தால், நட்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இறுக்கம்தான் போய்விட்டது. நைலாக் நட்டு விழாமல் காப்பாற்றும். இறுக்கத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் 3 வருடம் ஓட்டினேன்.

நைலாக் பற்றி இன்னும் சில. போல்ட்டின் முனை நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நைலான் முழுதாகப் பிடிக்காது. கழற்றி மாட்டும்போது கை விரலால் திருகியே உள்ளே போகிறது என்றால் அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம் சூடு. 120 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் இது கூடாது. எங்கள் டிரையரின் சூடான காற்றுக் குழாய் அருகே போட்ட நட்டுகளில் நைலான் இளகி வழிந்திருந்தது. அங்கே இப்போது வாய்ப்பகுதி நசுக்கிய முழு இரும்பு லாக் நட்தான்.

மரையில் விடும் திரவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி பாட்டில் என்றாலும் நம் ஊரில் அதற்கு லாக்டைட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் அதை உருவாக்கினார். காற்று இருக்கும்வரை தண்ணீர் போல் இருந்து, காற்றுப் புகாத இடத்தில் இரும்போடு ஒட்டினால் இறுகும் ஒரு திரவம் அதற்கு முன்பே ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்தது. அது கெட்டியாகிவிடாமல் இருக்க இடைவிடாமல் காற்றைக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தொல்லை இல்லாமல் பாட்டிலில் அடைத்து வைக்கும்படி செய்தது கிரீபிளின் சாதனை. புதுப் பாட்டிலிலும் மேலே காற்றுக்கு இடம் விட்டிருப்பது இதனால்தான். குறைத்து ஊற்றி ஏமாற்றுகிறார்கள் என்று நான் பல நாள் நினைத்திருந்தேன்.

திரவம் மரையில் உள்ள சந்துகளை நிரப்பிவிடுவதால் பக்கவாட்டு வழுக்கலுக்கே இடம் குறைகிறது. நார்த்தூளும் ஈரமும் உள்ளே போகாததால் துருப்பிடிப்பதும் இல்லை. எங்கள் மில்லில் இது பெரிய லாபம். ஆனால் மரையை நன்றாகத் துடைக்க வேண்டும். முழுதாக இறுக ஒருநாள் விட வேண்டும், துத்தநாகப் பூச்சுப் போல்ட்டில் அதைவிடத் தாமதமாகும். சனிக்கிழமை மாலை போட்டு ஞாயிறு முழுக்க விட்டுவிடுவது எங்கள் வழக்கம். நீல ரகம் ஸ்பேனருக்குக் கழலும், சிவப்பு ரகம் கழலாது. புதிதாக வந்த பையன் ஒருவன் பேரிங் மூடியின் 6 போல்ட்டுக்கும் சிவப்பைப் போட்டுவிட்டான். 250 டிகிரி வரை கேஸ் டார்ச்சால் சூடேற்றித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே கிரீஸும் சீலும் கருகிப் போயின. அவனைக் குறை சொல்ல முடியாது, இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைத்தது நான்.

ஆனால் மொத்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தீர்த்தது இவை எதுவும் இல்லை. ஒரு டார்க் ரெஞ்சும் (எவ்வளவு விசையில் திருகுகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) நீளமான போல்ட்டும்தான்.

போல்ட்டு என்பது உண்மையில் மிகவும் விறைப்பான ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீள்கிறது, திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. 8.8 என்று வலிமைத் தரம் தலையில் பொறித்த 12 எம்எம் போல்ட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு (திருகும் விசையின் அளவு) இறுக்கினால் ஏறக்குறைய மூன்றரை டன் பிடி கிடைக்கும். தகடுகள் வழுக்காமல் இருக்க அந்தப் பிடி வேண்டும். கையால் இறுக்கிய காலத்தில் சில போல்ட்டுகளுக்கு அதில் பாதிகூட வந்திருக்காது. நாம் கொடுக்கும் திருகலில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. துருப்பிடித்த மரையில் கை வலிக்க இறுக்கினாலும் போல்ட்டு நீளவே இல்லை என்று ஆகிவிடலாம்.

அடுத்தது நீளம். எங்கள் போல்ட்டுகள் பிடித்திருந்த கனம் 20 எம்எம்தான். மூன்றரை டன்னுக்கு அந்த நீளம் 0.04 எம்எம் மட்டுமே நீளும். தகட்டுக்கு நடுவே இருக்கும் பெயின்ட் நசுங்கினாலே அந்த 0.04 போய்விடும், இறுக்கம் பூஜ்யம். நட்டு திரும்ப வேண்டிய தேவைகூட இல்லை. நைலாக் போட்டும் சத்தம் வந்ததன் காரணம் இதுதான். கனமான குழாயை 40 எம்எம் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் சமமாகக் கடைந்து, புஷ் மாதிரி நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து, நீளமான போல்ட்டு போட்டோம். இப்போது 60 எம்எம் பிடிப்பு, நீட்சியும் மூன்று மடங்கு. போல்ட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் சுரண்டி எடுத்துவிட்டோம். அதற்கு அடுத்த திங்கள்கிழமை ஒரு நட்டுகூட நகரவில்லை. மூத்த ஃபிட்டர் நம்பாமல் இரண்டாவது முறையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார்.

டார்க் ரெஞ்ச் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஒரு கடையில் வாங்கிய 8.8 போல்ட்டுகள் 80-ஐத் தொடாமலேயே சுற்றிக்கொண்டே போயின. இறுகவில்லை, இழுபட்டுக்கொண்டிருந்தன. எடுத்துப் பார்த்தால் தலையில் 8.8 இருக்கிறது, தயாரித்தவரின் முத்திரை இல்லை. விதிப்படி இரண்டும் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு முத்திரை பார்க்காமல் ஒரு டஜன்கூட நான் வாங்குவதில்லை.

மோட்டார் அடியில் புஷ் வைக்க இடமில்லாத 8 இடங்களில் ஆப்பு வாஷர் ஜோடி போட்டிருக்கிறேன். இரண்டு வாஷரும் உட்பக்கம் சரிவுப் பல், வெளிப்பக்கம் கடிக்கும் பல். உட்சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்தானது. அதனால் நட்டு பின்னோக்கித் திரும்பப் பார்த்தால் வாஷர்கள் விரிந்து போல்ட்டை இன்னும் இழுக்கும். விலை ஸ்பிரிங் வாஷரைப் போலப் பல மடங்கு. 4 வருடமாக அந்த 8 இடத்துக்கும் ஸ்பேனர் போகவில்லை.

இப்போதைய நிலை: 40 இடத்தில் நீளப் போல்ட்டு, புஷ், நீலத் திரவம். 8 இடத்தில் ஆப்பு வாஷர். எல்லா நட்டிலும் தகடு வரை மஞ்சள் பெயின்ட் கோடு, கோடு விலகினால் தூரத்திலிருந்தே தெரியும். கடந்த 14 மாதத்தில் 4 கோடு விலகியிருக்கிறது. நான்கும் தூள் கொட்டும் மூலையில். அங்கே பக்கத் தகடே வளைந்து கொடுக்கிறது என்று சந்தேகம். வரும் ஷட்டவுனில் அந்தத் தகட்டைக் கனமாக மாற்றப் போகிறோம்.