நீட்சேயின் 15 தொகுதிகள்: கொல்லி, மொந்தினாரி பதிப்புக்கு ஒரு மதிப்புரை

ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயை நான் முதலில் படித்தது வால்டர் காஃப்மனின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான். அவற்றுள் என்னை நெடுங்காலம் பிடித்து வைத்திருந்தது ‘அதிகாரத்துக்கான வேட்கை’ என்ற தடித்த நூல். 1067 பகுதிகள் கொண்ட அந்நூலின் கடைசிப் பகுதி, தொடக்கமும் முடிவும் அற்ற ஆற்றல் பெருக்காக உலகத்தை வருணித்து, இவ்வுலகம் அதிகாரத்துக்கான வேட்கையே, வேறொன்றும் இல்லை என்று முடிகிறது. ஒரு சிந்தனையாளர் தம் வாழ்நாள் உழைப்பின் முடிவில் எழுதி வைத்த இறுதித் தீர்ப்பு அது என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஜார்ஜோ கொல்லியும் மாட்சினோ மொந்தினாரியும் பதிப்பித்த 15 தொகுதிகள் கைக்கு வந்த அன்று, முதல் வேலையாக அந்தப் பகுதியைத் தேடினேன். 11ஆம் தொகுதியில், 1885 ஜூன், ஜூலை மாதக் குறிப்புகளுக்கு இடையே, 38[12] என்ற எண்ணைத் தாங்கி, அதாவது 38ஆம் குறிப்புத் தொகுப்பின் 12ஆம் குறிப்பாக, அது இருந்தது. அதன் பிறகும் நீட்சே மூன்று ஆண்டுகளுக்கு மேல் எழுதியிருக்கிறார். ‘நன்மை தீமைக்கு அப்பால்’ உள்ளிட்ட பல நூல்களை அந்தக் காலத்தில்தான் முடித்தார். அந்தக் குறிப்பை எடுத்து ஒரு நூலின் மகுடமாக வைத்தவர்கள் வேறு சிலர்.

அந்த வேறு சிலரை அறியாமல் இந்தப் பதிப்பின் மதிப்பை உணர முடியாது. 1889 ஜனவரியில் டூரின் நகரத்தில் நீட்சேயின் மனம் நிலைகுலைந்தது. 1900இல் இறக்கும்வரை அவர் மீளவில்லை. அவருடைய தங்கை எலிசபெத் ஃபோர்ஸ்டர்-நீட்சே 1894இல் ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கிப் பின்னர் அதை வைமர் நகருக்கு மாற்றி, 1935இல் தாம் இறக்கும்வரை அண்ணனின் கையெழுத்துப் படிகளைத் தம் பிடியில் வைத்திருந்தார். நீட்சே திட்டமிட்டு, திரும்பத் திரும்ப மாற்றி, 1888 கோடையின் முடிவில் கைவிட்ட ‘அதிகாரத்துக்கான வேட்கை’ என்ற நூலின் பெயரில், குறிப்பேடுகளிலிருந்து பொறுக்கிய துணுக்குகளைப் பொருள்வாரியாக அடுக்கி 1901இல் காப்பகத்தினர் 483 பகுதிகளாக வெளியிட்டார்கள். 1906இல் அது 1067 பகுதிகளாக வளர்ந்தது. எழுதியவை பெரும்பாலும் நீட்சேயின் சொற்களே. அந்த வரிசை அவருடையது அன்று. தத்துவத்தில் வரிசையே வாதம் என்பதால், இதைச் சிறிய குறையாக என்னால் எண்ண முடியவில்லை.

அந்த வரிசையின் மேல்தான் அரை நூற்றாண்டு ஆய்வு எழுந்தது. நீட்சேயின் உண்மையான தத்துவம் அவர் வெளியிடாத குறிப்புகளில்தான் இருக்கிறது என்று கருதிய ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர், 1936 முதல் 1940 வரை ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் இந்தத் தொகுப்பையே பெரிதும் சார்ந்திருந்தார். 1950இல் வெளிவந்த நூலில் காஃப்மன், நாஜிகளின் கையில் சிக்கிய நீட்சேயை மீட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுவந்தார். பின்னர் ஹாலிங்டேலுடன் இணைந்து மேற்சொன்ன தொகுப்பையும் மொழிபெயர்த்தார். அது நீட்சே முடித்த நூலன்று என்பதை அவர் எடுத்துச் சொல்லி, ஒவ்வொரு பகுதிக்கும் காலத்தையும் குறித்திருந்தார். ஆயினும், முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகப் படிக்கும் வாசகனிடம் அந்த எச்சரிக்கையைவிட நூலின் அமைப்பே வலிமையாகப் பேசுகிறது. ஜெர்மனியில் கார்ல் ஷ்லெக்டா 1954 முதல் 1956 வரை வெளியிட்ட மூன்று தொகுதிப் பதிப்பில் அந்தத் தொகுப்பைக் கலைத்துக் கால வரிசையில் வைத்தார். எலிசபெத் கடிதங்களில் செய்த மோசடிகளையும் வெளிப்படுத்தினார். ஆனால் 1067 பகுதிகளுக்குள் வந்தவற்றையே அவரும் மாற்றி அடுக்கினார். குறிப்பேடுகள் முழுமையாக அப்போதும் அச்சேறவில்லை.

கொல்லியும் மொந்தினாரியும் செய்த காரியம் இங்கேதான் பெரிதாகிறது. லூக்கா நகரப் பள்ளியில் கொல்லி ஆசிரியர். மொந்தினாரி அவரிடம் பயின்ற மாணவர். நீட்சேயை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அவர்களுடைய தொடக்க நோக்கம். எந்த ஜெர்மன் மூலத்தை நம்பி மொழிபெயர்ப்பது என்ற கேள்வி எழுந்தபோது, 1961இல் மொந்தினாரி அன்றைய கிழக்கு ஜெர்மனியில் இருந்த வைமர் நகருக்குப் போய், கோதே, ஷில்லர் ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் படிகளை நேரில் பார்த்தார். மூலத்தையே புதிதாகப் பதிப்பித்தாலன்றி மொழிபெயர்ப்புக்கு வழியில்லை என்பது அதன் பிறகு இருவருக்கும் தெளிவாயிற்று. இத்தாலிய, பிரெஞ்சுப் பதிப்பகங்கள் முதலில் துணை நின்றன. ஜெர்மன் மொழியில் பெரும்பதிப்பு 1967இல்தான் வால்டர் டி குரைட்டர் பதிப்பகத்தின் வழியாக வெளிவரத் தொடங்கியது. ஒரு ஜெர்மன் தத்துவவாதியின் எழுத்துக்கு நம்பத்தக்க மூலத்தை இரண்டு இத்தாலியர்கள் உருவாக்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை தோன்றுகிறது. 1980இல் வெளிவந்த, இங்கே நான் மதிப்பிடும் 15 தொகுதி மலிவுப் பதிப்பைக் காணக் கொல்லி உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே அவர் மறைந்துவிட்டார். மொந்தினாரி 1986இல் காலமானார்.

இனித் தொகுதிகளைப் பற்றி. முதல் ஆறு தொகுதிகளில் நீட்சே வெளியிட்ட நூல்களும், அச்சுக்கு ஆயத்தம் செய்து வைத்த நூல்களும் உள்ளன. 7 முதல் 13 வரை, 1869 முதல் 1889 தொடக்கம்வரையிலான குறிப்புகள் கால வரிசையில் வருகின்றன. 14ஆம் தொகுதி பதிப்பாசிரியர் விளக்கவுரையும் பாடபேதங்களும். 15ஆம் தொகுதி வாழ்க்கை நிகழ்வுகளின் கால வரிசை, பழைய பதிப்பின் எண்களைப் புதிய எண்களோடு இணைக்கும் அட்டவணை, பெயரடைவு ஆகியவை. பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் ‘ஜரதுஷ்ட்ரா’ அடங்கிய நான்காம் தொகுதியைத்தான் எடுப்பார்கள். பதிப்பின் உயிர் இருப்பது 14இல் என்பது என் உறுதியான கருத்து. இதை நான் ஒரு விபத்தால் கற்றுக்கொண்டேன். பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் வாங்கிய என் தொகுப்பில் 14ஆம் தொகுதி மட்டும் இல்லை. கேட்டுக் கேட்டு அது வந்து சேர ஐந்து மாதங்கள் ஆயின. அதுவரை மற்றத் தொகுதிகளை ஒரு தெளிந்த அச்சுப் புத்தகமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது வந்த பிறகுதான், முன்பு குறிப்பிட்ட 38[12]க்கு வேறொரு முடிவு முதலில் எழுதப்பட்டிருந்தது என்பதையும், அந்தச் சிந்தனையே ‘நன்மை தீமைக்கு அப்பால்’ நூலின் 36ஆம் பகுதியில் ஐயத்தோடும் நிபந்தனையோடும் மறுவடிவம் பெற்றது என்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிந்தது. குறிப்பேட்டில் முழக்கமாக ஒலித்த ஒன்றை, நூலில் அவர் ‘எனக் கொள்வோமாயின்’ என்ற தொனியில் எழுதியிருக்கிறார். நீட்சே எதை உறுதியாகச் சொன்னார் என்று வாதிடும் எவரும் கடந்தே ஆக வேண்டிய இடம் இது.

ஆறாம் தொகுதியில் உள்ள, நீட்சேயின் தன்வரலாற்று நூலான ‘எக்கே ஹோமோ’வையும் தனியே சொல்ல வேண்டும். 1888 டிசம்பர் இறுதியில், அந்நூலின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் பகுதிக்கு மாற்றாக ஒரு தாளை நீட்சே பதிப்பாளருக்கு அனுப்பியிருந்தார். எல்லாமே முடிவின்றித் திரும்பத் திரும்ப நிகழும் எனும் நித்திய மீள்வருகை என்ற தம் ஆழமான சிந்தனைக்கு எதிரான மிகப் பெரிய மறுப்பு தம் தாயும் தங்கையுமே என்று அதில் எழுதியிருந்தார். 1908இல் நூல் வெளிவந்தபோது அந்தப் பகுதி இடம்பெறவில்லை. நீட்சேயின் நண்பரும் உதவியாளருமான பீட்டர் காஸ்ட் எடுத்து வைத்திருந்த படியை மொந்தினாரி 1969இல் வைமரில் கண்டெடுத்து, அதற்குரிய இடத்தில் சேர்த்தார். பழைய பதிப்பையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த மாலையில், ஆவணத்தைக் காத்தவரே ஆசிரியரை மறைத்த கொடுமையை என்னால் எளிதில் தாங்க முடியவில்லை.

குறைகளும் உண்டு. உரை தனித் தொகுதியாக இருப்பதால் எப்போதும் இரண்டு புத்தகங்களைத் திறந்து வைத்தே படிக்க வேண்டும். பொருளடைவு இல்லை, ஒரு கருத்தைத் தேடுவோர் நினைவையே நம்ப வேண்டும். கிரேக்க, லத்தீன் இலக்கியம் பற்றிய நீட்சேயின் ஆய்வுக் கட்டுரைகளும், பாசல் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர்களுக்கு ஆற்றிய வகுப்பு விரிவுரைகளும் இதில் இல்லை. கடிதங்கள் 8 தொகுதிகளாகத் தனியே வந்தன. இவற்றைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. எது தனித்த குறிப்பு, எது பின்னர் வந்த நூலின் முன்வடிவம் என்று பிரித்தவர்கள் பதிப்பாசிரியர்கள்; முன்வடிவம் என்று அவர்கள் முடிவு செய்தவை குறிப்புத் தொகுதிகளில் இடம்பெறாமல் உரைக்குள் போய்விட்டன. மேலும் அடித்தலும் திருத்தலும் இடைச்செருகலுமாக, பல வேளைகளில் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி நிரப்பப்பட்ட குறிப்பேடுகள், இங்கே சீரான பத்திகளாக அச்சாகியிருக்கின்றன. 2001 முதல் மரி-லூயிஸ் ஹாஸெயும் மிஷாயெல் கோலன்பாகும் பெரும்பதிப்பின் ஒன்பதாம் பிரிவில் 1885 முதலான குறிப்பேடுகளை, பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே, மைகளின் வேறுபாட்டை வண்ணத்தால் காட்டி வெளியிட்டபோது இது கண்கூடாயிற்று. நாம் ‘துணுக்கு’ என்று மேற்கோள் காட்டும் பலவற்றின் எல்லைக்கோடுகள் பதிப்பாசிரியரின் பென்சிலால் வரையப்பட்டவை. எலிசபெத் செய்ததையும் இதையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மொந்தினாரி தம் முடிவுகளின் காரணத்தை 14ஆம் தொகுதியில் எழுதி, மறுக்கவும் நமக்கு வழி விட்டிருக்கிறார்.

பாவ்லோ டி’யோரியோ நடத்தும் ‘நீட்சே சோர்ஸ்’ இணையச் சேவையையும் இதோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். கொல்லி, மொந்தினாரி மூலம் திருத்தங்களுடன் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது. சொல் தேடலும் கையெழுத்துப் பக்கங்களின் படங்களும் உண்டு. பொருளடைவு இல்லாத குறையைச் சொல் தேடல் ஓரளவு தீர்க்கிறது. உரைத் தொகுதி அங்கே இல்லாததால், தேடிக் கண்டடைந்த வரிக்கு விளக்கம் வேண்டுமெனில் மீண்டும் அச்சுப் புத்தகத்துக்கே வர வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் ஓரளவு தெரிந்து, நீட்சேயைப் பற்றி எழுதவோ கற்பிக்கவோ விரும்புவோருக்கு இந்த 15 தொகுதிகளை எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைக்கிறேன். முழுவதையும் வாங்க இயலாதவர்கள் நூல்களையும் குறிப்புகளையும் இணையத்தில் படித்துக்கொண்டு, 14ஆம் தொகுதியை மட்டுமேனும் தனியே தேடி வாங்கலாம். பழைய பிரதி வாங்குவோர் பணம் செலுத்தும் முன், தொகுதி எண்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.