மீரட் டிரம்பெட்: வால்வைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பேண்டு செட்டில் புதிதாகச் சேரும் பையன் கையில் முதலில் வருவது பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் செய்த டிரம்பெட்தான். மூன்று வால்வு, பி பிளாட், மஞ்சள் பித்தளை அல்லது நிக்கல் பூச்சு. ஜப்பான் கம்பெனி கருவியோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. அந்த விலைக்குக் குழாயும் பெல்லும் (சத்தம் வெளிவரும் விரிந்த வாய்) நிறைவாகவே இருக்கின்றன. தெருவில் சைடு டிரம்மையும் பேஸ் டிரம்மையும் தாண்டிக் கேட்கிற கணீர் சத்தம் இதில் வரும். குறை இருப்பது வால்வில். ஒரே லாட்டில் வந்த இரண்டு பீஸில் ஒன்று வருஷக்கணக்கில் உழைக்கும், இன்னொன்று முதல் திருவிழாவிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் மூடியைத் திருகி மூன்று பிஸ்டனையும் வெளியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். பிஸ்டனை வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உடம்பு முழுக்க ஒரே மாதிரி மினுமினுப்பு இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கோடு கோடாகப் பளபளத்தால் அந்த இடத்தில் உறைக்குள் உரசுகிறது என்று அர்த்தம். உறை வளைந்திருக்கலாம், அல்லது பற்றவைக்கும்போது சூட்டில் கோணியிருக்கலாம். "ஊத ஊதச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உப்புத்தாளோ கிரைண்டிங் பேஸ்ட்டோ போட்டுத் தேய்த்தால் பிஸ்டன் சுலபமாக ஓடும், ஆனால் இடைவெளி கூடிக் காற்று கசியும். கசிகிற வால்வைத் திரும்ப இறுக்கமாக்க நம் ஊரில் வழி கிடையாது.

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வால்வை அமுக்காமல் முதல் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டுகிற வளைகுழாய்) சட்டென்று வெளியே இழுங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று பிடிக்கிறது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் வால்வோ ஸ்லைடோ தளர்வு. மூன்றுக்கும் இப்படிச் செய்து பாருங்கள். அடுத்து, இரண்டாம் வால்வின் குட்டி ஸ்லைடைக் கழற்றிவிட்டு, வால்வை முழுக்க அமுக்கி, அந்த ஓட்டைக்குள் செல்போன் டார்ச் அடியுங்கள். பிஸ்டனின் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி ஓரம் மறைத்திருந்தால் ஃபெல்ட்டின் (வால்வுக்கு அடங்கல் தருகிற கம்பளித் துண்டு) தடிமன் தப்பு. இது பயப்படுகிற குறை இல்லை, ஃபெல்ட் மாற்றினால் தீரும். ஆனால் அப்படியே விட்டால் அந்த வால்வு சேரும் சுரமெல்லாம் மூக்கடைத்த மாதிரி ஒலிக்கும், பையன் தன் உதடு சரியில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி ஊதுவான்.

அடுத்தது சுருதி. டிரம்பெட்காரர் 'சி' என்று ஊதுவது உண்மையில் பி பிளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. செல்போனில் டியூனர் ஆப் போட்டு, ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்து, வால்வு எதையும் அமுக்காமல் அந்த 'சி'யைச் சாதாரண பலத்தில் ஊதுங்கள். மெயின் ஸ்லைடை (மொத்தச் சுருதியையும் மாற்றுகிற பெரிய ஸ்லைடு) 1 செ.மீ. இழுத்தால் குழாய் நீளம் 2 செ.மீ. கூடும். பி பிளாட் டிரம்பெட்டின் மொத்த நீளம் கிட்டத்தட்ட 148 செ.மீ., ஆகவே அந்த 1 செ.மீ. சுருதியை ஏறக்குறைய 23 சென்ட் இறக்கும். (100 சென்ட் ஓர் அரைச்சுரம்.) ஒன்று ஒன்றரை செ.மீ. வரை இழுத்துச் சேர்ந்தால் சரி. ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளியும் சுருதி இறங்கியே நின்றால் அந்தப் பீஸை வைத்துவிட்டு வாருங்கள். இழுத்து இறக்கலாம், தள்ளி ஏற்ற இடம் இருக்காது.

ஒன்றும் மூன்றும் சேர்த்து அமுக்குகிற கீழ் 'டி'யும், மூன்றையும் அமுக்குகிற 'சி ஷார்ப்'பும் எந்த டிரம்பெட்டிலும் ஏறித்தான் கேட்கும். வால்வுகள் சேரும்போது அவை கூட்டுகிற குழாய் நீளம் போதாமல் போவதுதான் காரணம். ஊதும்போதே மூன்றாம் வால்வு ஸ்லைடை வெளியே தள்ளி அதைச் சரிசெய்ய வேண்டும். மலிவான பீஸ்களில் பலமுறை அந்த ஸ்லைடு இறுகியே இருக்கிறது. கடையிலேயே விரலால் தள்ளிப் பாருங்கள்.

கூடவே தருகிற மவுத்பீஸை அப்படியே மாற்றிவிடுவது நல்லது. விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒரு கல்யாண ஊர்வலம் முடிவதற்குள் உதட்டில் வளையம் பதிந்துவிடும். 7சி அளவு கேட்டு வாங்குங்கள். பாக் கம்பெனியின் 7சியில் உள்விட்டம் 16.20 மி.மீ., துளை 3.66 மி.மீ. இந்த ஒரு மாற்றத்திலேயே டிரம்பெட் ஒரு படி மேலே போய்விடும். புதிய மவுத்பீஸ் குழாயில் ஆடாமல் உட்கார்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் மாவட்டங்களில் நடக்கிற பெரிய தப்பு தேங்காய் எண்ணெய். தர்மபுரி வெயிலில் அது ஓடும். மார்கழி விடியற்காலையில் ஓசூர், தளிப் பக்கம் பஜனை ஊர்வலத்துக்குப் போனால் பாட்டில் எண்ணெய் உறைகிற மாதிரியே பிஸ்டனிலும் வெள்ளையாக உறைந்து நிற்கும். 24 டிகிரிக்குக் கீழே அதன் குணமே அது. அமுக்கிய வால்வு மேலே வராது. டிரம்பெட்டுக்கென்று விற்கிற வால்வு ஆயிலே போடுங்கள், பிஸ்டனுக்கு நாலைந்து சொட்டு போதும். ஸ்லைடுக்கு வாசலின். அதே குளிரில் சுருதியும் இறங்கும். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் கணக்குப்படி 30 சென்ட், ஊதுகிற மூச்சின் சூட்டால் அதில் கொஞ்சம் ஈடாகும். ஆகவே புறப்படும் முன் ஐந்து நிமிஷம் மூச்சு விட்டுச் சூடாக்கிவிட்டு அப்புறம் கீபோர்டோடு சேருங்கள். சர்ச் தேர்ப் பவனியில் கீபோர்டு ஒரு கட்டையில், அதாவது 'சி'யில், பிடித்தால் நீங்கள் 'டி மேஜர்' ஊத வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு பிஸ்டன் காய்ந்ததும் வெள்ளைப் பொடியாகப் படியும், அதுவே வால்வைக் கடிக்கும். ஒகேனக்கல் குடிநீர் வருகிற வீட்டில் ஒரு பக்கெட் பிடித்து, வெதுவெதுப்பாக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு மாதம் ஒருமுறை கழுவினால் போதும். கொதிக்கும் தண்ணீர் பட்டால் லாக்கர் பூச்சு உரியும். புளி போட்டுத் தேய்த்தாலும் அதே கதிதான். பிஸ்டனைத் திரும்பப் போடும்போது எண் மாறினால் காற்றே போகாது. 'டிரம்பெட் போச்சு' என்று தூக்கி வருவதில் பாதி இந்தக் கேஸ்தான்.

வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டு ஊதுகிறவர்கள் மெயின் ஸ்லைடைக் கழற்றி, மவுத்பீஸ் செருகுகிற முன்குழாயை ஒருமுறை மோந்து பாருங்கள். சுண்ணாம்பும் எச்சிலும் சேர்ந்து உள்ளே பச்சைக் களிம்பாகப் பிடித்திருக்கும். வடை சாப்பிட்டாலும் வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். குழாயின் வெளியே இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போகிறது, அந்த இடம் சீக்கிரமே ஓட்டையாகும்.

தாங்குகம்பி விட்டுப்போனால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துக்கொள்ளலாம். பெல்லில் விழுந்த ஒடுக்கைப் பித்தளைப் பாத்திரம் பார்க்கிறவர் எடுத்துவிடுவார். வால்வு உறைக்குப் பக்கத்தில் மட்டும் யாரையும் கேஸ் நெருப்பைக் காட்ட விடாதீர்கள்.

கூட்டத்தோடு சேர்ந்து ஊதும் செகண்ட் டிரம்பெட்டுக்கும் பழகுகிற பையனுக்கும், மேலே சொன்ன சோதனையில் தேறிய மீரட் பீஸ் தாராளமாக வாங்கலாம். பாட்டின் மெலடியைத் தனியாகத் தூக்கிப் பிடிக்க வேண்டிய ஆளுக்கு இது போதாது. அவருக்குச் செட் பணத்திலிருந்து ஒதுக்கியாவது யமஹா ஒய்டிஆர் 2330 மாதிரி ஒன்றை, பழையதாக இருந்தாலும், வாங்கிக் கொடுங்கள். மோனல் (நிக்கலும் செம்பும் சேர்ந்த உலோகம்) பிஸ்டன், குழாயின் உள்துளை 11.65 மி.மீ., வால்வு பற்றிய கவலையே இருக்காது. மீரட் பீஸ் வாங்கினால் அன்றைக்கே ஒரு செட் ஸ்பிரிங், ஃபெல்ட், வாட்டர் கீ (குழாயில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் மூடி) கார்க் சேர்த்து வாங்கிவிடுங்கள். பீஸுக்குப் பீஸ் அளவு மாறுவதால் பிறகு தேடினால் பொருந்துவது கிடைப்பது கஷ்டம்.